தெரிவுக்குழு குடித்த தேத்தண்ணி

இந்நாட்டில் படைமுகாம்கள் இருந்து நீங்கிய இடங்களிலுள்ள மண்ணும் நீரும், மார்ச் மாதம் பதினான்காம் திகதி முற்பகல் ஒன்பதரை மணியிலிருந்து சுத்தமானவையாகக் கருதப்படும் என்பதை உயர் சபை பெருமையுடன் அறியத்தருகிறது. அந்த நேரத்துக்கு முன்னர் குடித்தவர்கள் குடித்தது குடித்ததுதான். அவர்கள் விடயத்தில் சட்டம் பின்னோக்கிச் செல்லாது.

இந்த மகத்தான நாளை எட்டுவதற்குச் சபை பட்ட பாடு கொஞ்சமல்ல.

சட்டமூலம் முதலில் அரைப்பக்கம்தான் இருந்தது. விபரம் தெரியாத ஓர் இளம் சட்ட வரைஞர் அதை மூன்றே வாக்கியங்களில் எழுதிவிட்டார். முகாம் விட்டுப்போன எண்ணெய், பற்றரி, வெடிமருந்து எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்குள் அகற்ற வேண்டும். போட்டவர்களே அகற்ற வேண்டும். அதுவரை அங்குள்ள மக்களுக்கு வேறு தண்ணீர் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். அவர் உடனடியாகக் கடற்றொழில் திணைக்களத்துக்கு மாற்றப்பட்டார். சட்டமூலம் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது.

முதல் நாள், நாட்டுக்காக ஊற்றப்பட்ட எண்ணெயை அழுக்கு என்று சொல்வது யாருடைய நிகழ்ச்சி நிரல் என்று ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த எண்ணெய்க்காகச் சபை எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் காத்தது.

இரண்டாம் நாள், யார் அகற்றுவது என்ற பிரச்சினை வந்தது. படையினர் குப்பை அள்ளினால் சீருடைக்கு இழுக்கு. கூலியாட்களைக் கொண்டு அள்ளலாம் என்றால், அவை இன்னும் பாதுகாப்புத் தலங்களாகையால் கூலியாட்கள் உள்ளே போக முடியாது. மூன்றாம் நாள் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, இரு தரப்புக்கும் பொதுவான, அனுமதிப் பத்திரம் தேவைப்படாத, சம்பள உயர்வு கேட்காத ஒருவரை முன்மொழிந்தார். அது மழை. இவ்வாறு ஏழாம் பிரிவு பிறந்தது. அதன்படி முகாம் இருந்த இடங்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் பொறுப்பு மழையைச் சேரும். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்பது நீர்வழங்கல் அமைச்சின் கீழ் வருவதால் அதை இந்தச் சட்டத்தில் பேச முடியாது என்று சபாநாயகர் தீர்ப்பளித்தார்.

நான்காம் நாள், குடிதண்ணீரில் எவ்வளவு எண்ணெய் இருக்கலாம் என்பதற்கு எதிரணி ஓர் அளவு கேட்டது. படையினருக்கு அளவு வைப்பதா என்று ஆளும் தரப்பு கொதித்தது. இரவு பதினொரு மணிவரை பேசி இணக்கம் கண்டார்கள். எந்த இடத்தில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறதோ, அதுவே அந்த இடத்துக்கான உச்ச அளவு. இதனால் நாட்டில் ஓரிடத்திலேனும் உச்ச அளவு மீறப்படாது என்பது உறுதியானது.

ஐந்தாம் நாள் செங்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர்ப் போத்தல்கள் வீசப்பட்டன. அவை கடையில் வாங்கிய போத்தல்கள் என்பதால் யாருடைய உடல்நலத்துக்கும் கேடு வரவில்லை.

ஆறாம் நாள், வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர், பின்வரிசையில் ஒருவர் தூக்கம் கலைந்து, "இப்படியான ஓரிடத்தை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா?" என்று கேட்டுவிட்டார். சபை தர்மசங்கடத்தில் ஆழ்ந்தது. உடனே பதினொரு பேர் கொண்ட தெரிவுக்குழு அமைக்கப்பட்டது. குழு பல நாட்கள் ஆராய்ந்து, லுணுகலைக்கு மேலேயுள்ள கறுத்தமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவைத் தேர்ந்தெடுத்தது. எல்ல என்ற சுற்றுலா நகரில் நல்ல ஹோட்டல்கள் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

கறுத்தமலைத் தோட்டத்துத் தலைவர் கந்தப்பனுக்கு இந்த விபரம் எதுவும் தெரியாது. தலைவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது, சாவு வீட்டுக்குக் கூடாரம் பிடிப்பது, பெட்டிஷன் எழுதுவது. கடைசி மூன்று வருடங்களில் அவர் ஒரே விடயத்தைப் பற்றிப் பதினான்கு பெட்டிஷன் எழுதியிருந்தார்.

விடயம் இதுதான். தொழிலாளர் குடியிருக்கும் கீழ்ப்பிரிவு லயங்களுக்கு நேர் மேலே இருபத்தேழு வருடம் ஒரு முகாம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு படையினர் போய்விட்டார்கள். போகும்போது கற்களுக்கெல்லாம் வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். வாகனங்களில் வடித்த பழைய எண்ணெயை நாற்பத்தொரு பீப்பாய்களில் நிரப்பிக் குழியில் இறக்கி, மேலே பிடிமண் போட்டுவிட்டும் போனார்கள். பீப்பாய்கள் துருப்பிடித்தன. அந்தக் குழிக்குக் கீழே மலையிலிருந்து ஊறி வந்து ஒரு குழாய் வழியாகக் கொட்டும் பீலியில்தான் நாற்பத்திரண்டு குடும்பங்கள் குளிக்கின்றன, குடிக்கின்றன. மழை பெய்தால் தண்ணீரின் மேல் ஏழு நிறம் ஓடும். பெய்யாவிட்டால் மண்ணெண்ணெய் நாறும்.

பதினான்கு பெட்டிஷன்களுக்கும் பதில் வந்தது. பிரதேச செயலகத்தில் கறுத்தமலை முகாம் எந்த வரைபடத்திலும் இல்லை, ஏனெனில் அது தற்காலிக முகாம். இருபத்தேழு வருடமும் அது தற்காலிகமாகவே இருந்தது. இல்லாத முகாமின் எண்ணெய் எப்படிக் கசியும் என்று கேட்டிருந்தார்கள். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால், நிலம் இன்னும் முறைப்படி திருப்பித் தரப்படவில்லை என்றார்கள். ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தபோது, அந்தப் போத்தலைத் திறக்க வேண்டாம், ஆபீஸ் முழுக்க நாறும் என்று உத்தியோகத்தர் கேட்டுக்கொண்டார். அதையும் கந்தப்பன் அடுத்த பெட்டிஷனில் எழுதினார்.

இப்போது அவசரம் கூடியிருந்தது. அவருடைய மகள் ஜெயந்தினி ஐந்து மாதக் கர்ப்பம். புருஷன் ரமேஸ் கொழும்பில் கடையில் நிற்கிறான். மிட்வைஃப் மிஸ் லயத்துக்கு வந்து பீலியை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு சொட்டுக்கூட இந்தப் பிள்ளை குடிக்கக் கூடாது" என்று கிளினிக் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டுப் போனார். அதனால் கந்தப்பன் தினமும் ஒன்றரை மைல் ஏறி, மேற்பிரிவு ஊற்றிலிருந்து ஒரு கேன் தண்ணீர் சுமந்து வந்தார். வாய்விட்டு யாரும் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் றோசாலிக்குப் போன வருடம் ஆறாம் மாதத்தில் கரு கலைந்தது. தண்ணீரால்தான் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. தண்ணீரால் இல்லை என்றும் சொல்லவில்லை.

டிசம்பரில் கந்தப்பனுக்கு முத்திரை குத்திய கடிதம் வந்தது. அவர் பொதுமக்கள் தரப்புச் சாட்சி இலக்கம் ஒன்று. இரண்டாம் இலக்கம் கிடையாது.

குழு வருவதற்கு முதல் நாள் பிள்ளைக்காம்பரா வாசலில் கூட்டம் போட்டார்கள். மாலை யார் கட்டுவது, தப்பு யார் அடிப்பது எல்லாம் சுமுகமாக முடிந்தது. தேத்தண்ணியில் வந்து நின்றது.

"நம்ம பீலித் தண்ணியிலயே ஊத்துவோம்ணே," என்றாள் றோசாலி. "நீங்க ஒண்ணும் பேசத் தேவையில்ல. ஆளுக்கு ஒரு மொடக்கு உள்ள போனா சட்டம் தானா வெளிய வரும்."

கந்தப்பனின் மனைவி இராக்கம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? வாசப்படி ஏறி வாறவங்களுக்கு நாத்தத் தண்ணியா குடுக்கிறது? தோட்டத்து ஆளுங்கன்னா இப்பிடித்தான்னு கொழும்பு வரைக்கும் சொல்லிக்கிட்டுப் போவாங்க."

"அதச் சொல்லட்டும்னுதானே மதினி கூப்பிடுறோம்."

"நாம எங்க கூப்பிட்டோம்? அவங்களா வாறாங்க. வாறவங்க விருந்தாளி."

"நாம மட்டும் தெனமும் குடிக்கலாமா?"

"நாம குடிக்கிறது வேற. நாம நம்ம வீட்டுக்காரங்க."

எல்லோரும் கந்தப்பனைப் பார்த்தார்கள். றோசாலி சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வேறொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. சப்பாத்துப் போட்டவர்கள் யாரும் அவர் வீட்டில் ஒரு வாய் குடித்ததில்லை. சங்கத்துப் பெரியவர்கள், கிராம சேவகர் ஜீ.எஸ் மாத்தயா, வாக்குக் கேட்டு வருகிறவர்கள், எல்லோரும் கோப்பையைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து, இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். அவர் ஆறிப்போன கோப்பையை உள்ளே எடுத்துப் போய்த் தானே குடிப்பார். இத்தனை வருடத்தில் அது எத்தனை கோப்பை என்று அவர் கணக்கு வைக்கவில்லை, வைக்கவும் விரும்பவில்லை.

"மேலருந்து நல்ல தண்ணி கொண்டாந்துருவோம்," என்றார் கந்தப்பன். "தண்ணியப் பத்தி வாயால சொல்லிக்கலாம். அதுக்குத்தானே சாட்சி."

றோசாலி எழுந்து, அழுத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

விடியுமுன்னே கந்தப்பன் நான்கு தடவை ஏறி இறங்கி நான்கு கேன் சுமந்து வந்தார். அவர் வாழ்க்கையில் அரசாங்கத்துக்கு இதைவிட விசுவாசமாக உழைத்ததில்லை.

குழு பதினேழு வாகனங்களில் வந்தது. குழுவில் பதினொரு பேர். மீதி வாகனங்கள் மீதி வாகனங்களின் பாதுகாப்புக்கு வந்தவை. தப்படித்தார்கள், மாலை போட்டார்கள். குழுத் தலைவரான தவிசாளர் ஒரு குழந்தையைத் தூக்கினார். குழந்தையின் கையெல்லாம் செதில் செதிலாகப் புண் இருந்ததால் படம் எடுப்பவர், "சேர், வேறொன்றைத் தூக்குங்கள்" என்றார். மூன்றாவது குழந்தை ஓரளவு பொருந்தி வந்தது.

முதலில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர் விளக்கமளித்தார். பதுளையிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஸஹ்ரா அதைத் தமிழில் சொன்னார்.

"எமது படை ஓரிடத்தை விட்டு நீங்கினால் தடயமே இருக்காது," என்றார் பிரிகேடியர். "அந்தக் கற்களைப் பாருங்கள். எவ்வளவு வெண்மை. இவ்வளவு வெள்ளையடித்த ஓரிடத்தை அசுத்தம் என்பவர்களுக்குக் கண் பார்வையில் குறை இருக்க வேண்டும். பீப்பாய்களைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. இங்கே நாற்பது பீப்பாய் கிடையவே கிடையாது."

"நாப்பத்தொண்ணு," என்று பின்னாலிருந்து றோசாலி சொன்னாள். ஸஹ்ரா அதையும் மொழிபெயர்த்தார்.

"பார்த்தீர்களா, இந்த அம்மாவே நாற்பது இல்லை என்கிறார்," என்றார் பிரிகேடியர். "மேலும், அவற்றை நாங்கள் கைவிடவில்லை. அவை மூலோபாய இருப்பு. எங்கே இருக்கின்றன என்பது எங்களுக்கே தெரியாத அளவுக்கு இரகசியமானவை."

குழு கைதட்டியது. அடுத்து எதிரணி உறுப்பினர் எழுந்து, இந்த மண்ணை நஞ்சாக்கியவர்களைச் சும்மா விடப்போவதில்லை என்று ஆவேசமாகத் தொடங்கினார். கந்தப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. நான்காவது நிமிடத்தில் உறுப்பினரின் தொலைபேசி அடித்தது. கொழும்பில் ஏதோ ஒரு கூட்டணி உடைந்து வேறொன்று கூடியிருந்தது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஆளும் தரப்பு உறுப்பினரிடம் தன் பேச்சுத் தாளைக் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொண்டார். பிறகு அதே ஆவேசத்துடன், இந்த மண்ணை நஞ்சு என்று பழிப்பவர்களைச் சும்மா விடப்போவதில்லை என்று முடித்தார். மற்றவர் எழுந்து முதலாமவரின் பேச்சை விட்ட இடத்திலிருந்து வாசித்தார். குறிப்பெடுப்பவர் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டார்.

அடுத்த நிகழ்ச்சி பீலியைப் பார்வையிடுவது. பீலிக்கு அறுபது படி இறங்க வேண்டும். முதல் நாள் மழையில் படி வழுக்கியது. முதல் படியிலேயே தவிசாளரின் செயலாளருடைய காலில் அட்டை ஏறிவிட்டது. குழு அவசரமாகக் கூடி ஆலோசித்தது. பிரிகேடியர் தன் தொலைநோக்கியைக் கழற்றிக் கொடுத்தார். பதினொரு பேரும் வரிசையாக நின்று அதன் வழியாகப் பீலியைப் பார்த்தார்கள். தண்ணீர் நிறம் நிறமாக மின்னுவதாக ஒருவர் வியந்தார். கள விஜயம் மேற்கொள்ளப்பட்டது என்று குறிப்பில் ஏறியது.

ஆய்வுகூடத்திலிருந்து வந்த இளைஞர் சுத்தமான கண்ணாடிப் போத்தலுடன் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கால் இருந்தது, அட்டைக்கும் பசி இருந்தது. தேத்தண்ணி மேசைக்குப் பின்னால் வரிசையாக இருந்த கேன்களை அவர் கண்டார். "இது இந்த ஊர்த் தண்ணிதானே?" என்று தன்னையே கேட்டு, தானே தலையாட்டி, போத்தலை நிரப்பி, அரக்கு வைத்து மூடினார்.

பிறகு தேத்தண்ணி வந்தது. இராக்கம்மா தோட்டத்து நல்ல தூளில், இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றியிருந்தாள். தவிசாளர் கோப்பையை வாங்கினார். கந்தப்பன் அவருடைய கை நெஞ்சுக்குப் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. தவிசாளர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். முழுவதையும் குடித்து முடித்து, கோப்பையை நீட்டி இன்னொன்று கேட்டார். மற்றப் பத்துப் பேரும் கேட்டார்கள். இராக்கம்மா ஊற்றிக்கொண்டேயிருந்தாள். இவ்வளவு பெரிய மனிதர்கள் இவ்வளவு பேர் அவள் கையால் வாங்கிக் குடித்ததில்லை.

தவிசாளர் இரண்டாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சாட்சி இலக்கம் ஒன்றைக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். ஸஹ்ரா திருப்பினார்.

"இந்தத் தேத்தண்ணி இங்க உள்ள தண்ணியில போட்டதா என்று கேட்கிறார் ஐயா."

கந்தப்பன் பதினான்கு பெட்டிஷன்களையும் மனப்பாடமாக வைத்திருந்தார். பீப்பாய், குழி, ஏழு நிறம், கிளினிக் அட்டை, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. ஆனால் கேள்வி அதுவல்ல. இல்லை என்றால், உங்களுக்கென்று வேறிடத்திலிருந்து கொண்டு வந்தோம், எங்கள் தண்ணீர் மனிதன் வாயில் வைக்கக்கூடியதல்ல, அதைத்தான் நாங்கள் குடிக்கிறோம் என்று, மாலை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் கோப்பையைக் கீழே வைப்பார். பதினொரு பேரும் வைப்பார்கள். இராக்கம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஆமாங்க," என்றார் கந்தப்பன்.

ஸஹ்ரா அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர் வந்து இறங்கிய நேரத்தில், காற்று அந்தப் பக்கம் அடித்தபோது, மூக்கைப் பொத்தியவர்.

"ஐயா, கேள்வி விளங்கினதா? இந்தத் தண்ணியா, வேற தண்ணியா என்று கேட்கிறார். ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்க."

"விளங்குச்சுங்க மிஸ். இந்தத் தண்ணிதாங்க."

பின்னாலிருந்த றோசாலி மெதுவாக எழுந்து பிள்ளைக்காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டாள். கந்தப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

பெப்ரவரியில் அறிக்கை வெளியானது. இருநூற்றுப் பத்துப் பக்கம். நூற்றுத் தொண்ணூறு பக்கத்தில் படங்கள். கறுத்தமலைக் கீழ்ப்பிரிவின் தண்ணீரை உறுப்பினர்கள் தலா இரண்டு கோப்பை வீதம் தாமே அருந்திப் பரிசோதித்தனர், சாட்சி இரு முறை உறுதி செய்தார், ஆய்வுகூட அறிக்கையும் அதை ஊர்ஜிதம் செய்கிறது, மாகாணத்திலேயே மிகத் தூய்மையான நீர் முகாமுக்குக் கீழே கிடைப்பது முகாம்களால் நீர் சுத்தமடைகிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று அதில் இருந்தது. அப்படியானால் தண்ணீர் குறைந்த ஊர்களில் புதிய முகாம்கள் அமைக்கலாமே என்று ஓர் உறுப்பினர் பிரேரித்தார். அது பரிசீலனையில் இருக்கிறது.

பதினைந்தாவது பெட்டிஷனுக்குப் பதிலாகக் கந்தப்பனுக்கு அறிக்கையின் ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பினார்கள். அதில் அவருடைய பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

அந்த மாதம் மழையில்லை. மேற்பிரிவு ஊற்று மெலிந்து நூலாக வடிந்தது. கந்தப்பன் கேனுடன் ஏறிப் போனபோது மேற்பிரிவுத் தலைவர் இராமையா ஊற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தலைவரே. ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். ஒங்க தண்ணிக்குப் பாராளுமன்றமே கையெழுத்து வச்சிருக்காமே. எங்க தண்ணிக்கு ஜீ.எஸ்கூட வச்சதில்ல."

"மாமா, அது எப்பிடி நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நாலு கேன் போனத நான்தானே பாத்தேன். எங்க தண்ணியில தேத்தண்ணி ஊத்தி ஒங்க தண்ணின்னு பேரு வாங்குனீங்க. சரி, பேர நீங்க வச்சுக்கங்க. தண்ணிய எங்களுக்கு விடுங்க. இங்க நாப்பது வீட்டுக்கே பத்தல."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு மாமா. ஒரு கேன்."

இராமையா ஊற்றைத் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல.

"இன்னைக்குக் கொண்டுட்டுப் போங்க. நாளைக்கு வராதீங்க. எங்க ஆளுங்க சண்டைக்கு வருவாங்க, எனக்கு வாய் இருக்காது."

மறுநாள் கந்தப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினார். மாவட்டச் செயலகமான கச்சேரியில் இரண்டு மணி நேரம் தேடி ஸஹ்ராவைக் கண்டுபிடித்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மிஸ், அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. அது மேப்பிரிவுத் தண்ணி. அத மாத்தி எழுதணும்."

ஸஹ்ரா பேனாவை மூடி வைத்தார்.

"நான் ரெண்டு தரம் கேட்டேன்தானே ஐயா."

"ஆமாங்க மிஸ்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"பெரியவரு ரெண்டாவது கப் கேட்டாரு மிஸ்," என்றார் கந்தப்பன்.

ஸஹ்ராவுக்கு அது போதுமானதாக இருந்ததுபோல் தோன்றியது. அவர் எழுந்து, மேலதிகாரியின் அறைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

மேலதிகாரி பொறுமையானவர். முழுவதையும் கேட்டார். கோப்பு ஒன்றைத் திறந்து மூடினார். மூன்று சிரமங்கள் இருப்பதாக வருத்தத்துடன் சொன்னார். சாட்சியத்தைத் திருத்துவதென்றால் தெரிவுக்குழுவிடம்தான் மனுச் செய்ய வேண்டும், ஆனால் தெரிவுக்குழு வந்துபோன அன்றிரவே எல்லயில் இராப்போசனம் முடிந்ததும் கலைக்கப்பட்டுவிட்டது. அடுத்து, சபையின் குழுவுக்குப் பொய் சொல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

"மூணாவது?" என்று கேட்டார் ஸஹ்ரா.

"மூன்றாவதுதான் முக்கியம். இவர் தன் வாயால் தான் பொய் சொல்கிற ஆள் என்று ஒப்புக்கொள்கிறார். அப்படிப்பட்டவர் இப்போது சொல்வதை நாம் எப்படி நம்புவது? அன்றைக்கு அவர் சாட்சி சொல்லும்போது அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இருக்கவில்லை. ஆகவே அன்று சொன்னதுதான் நம்பத்தகுந்தது."

"சேர், இவரோட வீட்டுக்கு யாராவது போய் அந்தத் தண்ணிய ஒருக்கா மோந்து பார்த்தாலே..."

"மோந்து பார்ப்பதற்குச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை, மிஸ் ஸஹ்ரா. குடித்துப் பார்ப்பதற்கு இருந்தது. குடித்தாயிற்று."

பிறகு அவர் கந்தப்பனிடம் கனிவாக, அந்தத் தேத்தண்ணியைப் பற்றித் தானும் கேள்விப்பட்டதாகவும், இஞ்சி போட்டதா என்றும் கேட்டார். கந்தப்பன் ஆமாங்க என்றார். வெளியே வரும்போதுதான் மறுபடியும் ஆமாங்க என்று சொல்லிவிட்டதை உணர்ந்தார்.

லயத்துக்கு வந்து சேர இருட்டிவிட்டது. பிள்ளைக்காம்பராவைக் கடக்கும்போது றோசாலி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கந்தப்பன் நின்றார்.

"பதுளைக்குப் போயிட்டு வாறேன் றோசாலி. உண்மையச் சொல்லிட்டேன்."

"என்னாண்ணே சொன்னாங்க?"

"நம்ப மாட்டேங்கிறாங்க."

றோசாலி கூட்டுவதை நிறுத்தவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் நின்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"போங்கண்ணே," என்றாள் அவள். "ஜெயந்தினி இன்னும் சாப்பிடாம காத்துக்கிட்டிருக்கா."

வீட்டில் ஜெயந்தினி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். மூலையில் கேன் காலியாகக் கிடந்தது. இராக்கம்மா புருஷன் முகத்தைப் பார்க்காமல் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குழு வந்துபோன பிறகு அவள் தேத்தண்ணியைப் பற்றி வாயே திறப்பதில்லை.

"காய்ச்சிக் குடிச்சிக்கிறேன்பா," என்றாள் ஜெயந்தினி. "நீங்க அலையாதீங்க."

"காய்ச்சினா எண்ணெ போகாதும்மா."

"தெரியும்."

கந்தப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஒரு துணியை நான்காக மடித்து, பானை வாயில் கட்டி, மேலே மிதந்ததை வடித்தாள். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வடித்தாள், நாற்றத்துக்காகவா அப்பாவுக்காகவா என்று அவருக்குத் தெரியவில்லை.

மார்ச் மாதம் சட்டமூலம் இறுதி வாசிப்புக்கு வந்தது. அறுபத்துநான்கு பக்கமாக வளர்ந்திருந்தது. தவிசாளர் உரையாற்றுகையில், பதவி வகித்த பதினெட்டு வருடத்தில் தன்னை நெகிழவைத்தது ஒரேயொரு கோப்பைத் தேநீர்தான் என்றார். அந்த ஏழை மனிதர் தன் கண்ணைப் பார்த்து, இது எங்கள் தண்ணீர் என்று சொன்னபோது ஒரு சொல்லில்கூடப் பொய் இருக்கவில்லை, மனிதர்களைத் தனக்குத் தெரியும் என்றார். அந்த மக்களின் விருந்தோம்பலுக்குக் கைமாறாக, அவர்களுக்கு மாற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற மூன்றாம் வாக்கியத்தை நீக்கிவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். இவ்வளவு நல்ல தண்ணீரை வைத்திருப்பவர்களுக்கு வேறு தண்ணீர் கொடுப்பது அவர்களை அவமதிப்பதாகும். எதிரணித் தலைவர் எழுந்து, இந்த ஒரு விடயத்திலாவது நாம் கட்சி பேதம் மறப்போம் என்றார். மறந்தார்கள். இரு தரப்பும் மேசையில் தட்டின. எதிர்த்து ஒரு வாக்குக்கூட விழவில்லை.

ஜெயந்தினிக்கு அப்போது எட்டாம் மாதம். பீலித் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.